சாம்பிராணி வாசனையும் சிஸ்ஸரூ குஞ்சும்

"செவ்வாய்க்கிழமையும் அதுவுமா யாருடா சர்ச்சுக்குப் போயிட்டு வந்தது?"

டெல்ஃபின் ரெஜிஸ்ட் மூக்கைத் தூக்கி இரண்டு முறை உறிஞ்சினாள். சுங்க அதிகாரியாக இருந்த காலத்தில் அந்த மூக்கைக் கண்டால் தீவின் போர்ட்ஸ்மத் துறைமுகமே நடுங்கும். பூட்டிய பெட்டிக்குள் இருக்கும் ரம் பழையதா புதியதா என்றுகூடச் சொல்லிவிடுவாள் என்பார்கள். ஓய்வு பெற்றபின், பேக்கரி மாடியில் ஒரு மேஜை, மூன்று நாற்காலி, ஓர் உதவியாளன் என்று துப்பறியும் தொழிலைத் தொடங்கிவிட்டாள்.

அந்த உதவியாளன் கார்வின் டூலோன், வாயில் அடைத்திருந்த ரொட்டியையும் உப்பு மீனையும் அவசரமாக விழுங்கினான்.

"நானா? ஞானஸ்நானத்துக்கு அப்புறம் அந்தப் பக்கம் தலைவெச்சுப் படுத்ததில்ல மிஸ். இவரைக் கேளுங்க. வந்ததுலேர்ந்து ஜெபக்கூட்டம் மாதிரி அழுதுக்கிட்டிருக்காரு."

எதிரில் உட்கார்ந்திருந்தவர் எவரார்ட் பெல்லோ. மலைக்காட்டின் வனக்காவலர். தொப்பியை மடியில் வைத்துக் கசக்கிக்கொண்டிருந்தார்.

"விளையாடாதீங்க மிஸ் டெல்ஃபின். என் வேலை போயிடும். அதைவிட, குஞ்சு போயிடும்."

"முதல்லேருந்து சொல்லுங்க."

சொல்வதற்கு அதிகமில்லை. காட்டின் உச்சிச் சரிவில் ஒரு பெரிய கொம்மியே மரம். அதன் பொந்தில் ஒரு சிஸ்ஸரூக் கிளி ஜோடி குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. பெரும்புயல் அந்த மலையை மொட்டையடித்துவிட்டுப் போனதிலிருந்து, மிஞ்சிய சிஸ்ஸரூக் கிளிகளைத் தேடிப் பார்த்தவர்கள் எல்லோரும் உதட்டைப் பிதுக்கிக்கொண்டுதான் திரும்பினார்கள். இடுவதே இரண்டு முட்டை, அதில் ஒன்று பிழைத்தால் பெரிது. அடுத்த வருடம் இடுமா என்பதும் அதன் இஷ்டம். இந்தப் பருவத்தில் கண்ணில் பட்ட கூடு அது ஒன்றுதான். அதில் இருந்தது ஒரே குஞ்சு.

"நேத்துக் காலையில பாத்தேன் மிஸ். பொந்து காலி. அடியில மரத்தூள் மட்டும் கிடக்கு. குஞ்சு படுத்திருந்த பள்ளம் அப்படியே இருக்கு. ஓரத்துல ஒரு பச்சை இறகு. அவ்வளவுதான்."

"அய்யோ பாவம்" என்றான் கார்வின். நிஜமாகவே சொன்னான். தேசியக் கொடியில் பார்த்ததைத் தவிர அவன் அந்தப் பறவையைக் கண்டதில்லை. ஆனாலும் வீட்டில் யாரோ காணாமல் போன மாதிரி இருந்தது. "வளைகுடாவுல ஒரு வெள்ளைக்காரன் படகு நிக்குதே, இன்னைக்குச் சாயங்காலம் கிளம்புதாமே. அங்க பாத்தாங்களா?"

"அவரா? சேச்சே!" பெல்லோ சட்டென்று தலையாட்டினார். "அவர் மீன் பிடிக்க வந்தவர். பறவைன்னா காக்காயா கோழியான்னு தெரியாது அவருக்கு. நீங்க உள்ளூர்ல தேடுங்க. சாயங்காலத்துக்குள்ள கண்டுபிடிச்சாகணும்."

"ஏன் சாயங்காலம்?" என்றாள் டெல்ஃபின்.

"குஞ்சு... பசி தாங்காது மிஸ். கண்டுபிடிச்சதும் முதல்ல எனக்குச் சொல்லுங்க. இலாகாவுக்கு நானே சொல்லிக்கிறேன்."

எழுந்து இருவருக்கும் கைகொடுத்துவிட்டுப் படியிறங்கினார். கார்வின் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தான். வழவழவென்று மின்னியது.

"தேங்காய் எண்ணெய் மிஸ்! தலைக்குத் தேய்க்கறதைக் கைக்குத் தேய்ச்சிருக்காரு. துக்கத்துல இடம் மாறிப்போச்சு போல."

டெல்ஃபின் அதைக் காதில் வாங்கினாளா என்று தெரியவில்லை. மறுபடி மூக்கை உறிஞ்சினாள்.

"அந்தாளு போயாச்சு. சாம்பிராணி வாசனை போகலையே. டேய், இங்க வா."

"மிஸ், நான் குளிச்சுட்டேன்."

"சட்டையைக் கழட்டு."

"மிஸ்!"

கழற்றினான். சட்டையின் அக்குள் பக்கம் ஒரு நாணயம் அகலத்துக்கு வெளுப்பாக ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. டெல்ஃபின் விரலால் தொட்டாள். விரல் வர மறுத்தது.

"கொம்மியே பால்" என்றாள். "சர்ச்சுல புகை போடறது இதைத்தான். உங்க தாத்தா காலத்துல படகு ஓட்டையை அடைச்சதும் இதைத்தான். இந்த மரத்துல ஏறினவன் பால் ஒட்டாம இறங்க முடியாது. நீ எப்பய்யா மரம் ஏறினே?"

"நான் இந்த மாடி ஏறவே யோசிக்கறவன். இது நேத்துச் சாயங்காலம் மா டிட்டின் சலவைக்கடையிலேர்ந்து வந்த சட்டை. துவைச்சு, இஸ்திரி போட்டு, மடிச்சு..." பாதியில் நின்றான். "அப்போ என் சட்டையோட சேர்ந்து..."

"இன்னொருத்தன் சட்டையும் குளிச்சிருக்கு. வண்டியை எடு."

"சட்டை மிஸ்?"

"அது சாட்சி. வேற போட்டுக்க."

*

மா டிட்டின் சலவைக்கடை வாசலில் இரண்டு இயந்திரங்கள் கவிழ்த்துப் போடப்பட்டிருந்தன. மா டிட்டின் ஒன்றின் வயிற்றுக்குள் தலையை விட்டு, கத்தியால் சுரண்டிக்கொண்டிருந்தாள். கார்வினைப் பார்த்ததும் கத்தியோடு நிமிர்ந்தாள்.

"நீயும் சண்டைக்கு வந்துட்டியா? வா, வரிசையில நில்லு! காலையிலேருந்து ஒன்பது பேர். தபால் ஆபீஸ்காரி பாவாடை ஒட்டிக்கிச்சாம், நாற்காலியோட எழுந்திருச்சாளாம். ஃபாதரோட அங்கியும் இதுலதான் வெந்துச்சு. அவர் ஒருத்தர்தான் வாசனை நல்லாயிருக்குன்னு சொன்னாரு."

"சண்டை இல்ல அம்மா" என்றாள் டெல்ஃபின். "கொம்மியே பாலோட துணி போட்டது யாரு?"

மா டிட்டின் கத்தியைத் துடைத்தாள். "சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கேன்."

"அப்போ வேண்டாம். சத்தியத்தை மீறக்கூடாது" என்றான் கார்வின். "நாங்க போறோம். பாவம் அந்த ஆளு, மெஷின் ரிப்பேருக்குத் தானே பொறுப்புன்னு சொல்றதுக்காவது வந்திருப்பாரு இல்ல?"

"வந்தானா? எட்டியே பாக்கல! ஞாயித்துக்கிழமை சாயங்காலம் பையில சுருட்டிக் கொண்டாந்து, 'தனியாத் துவைங்க அம்மா, யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க'ன்னான். நான்தான் மறந்து எல்லாத்தோடயும் போட்டுட்டேன். ஆனா அந்த க்ளோவிஸுக்கு ஒரு வார்த்தை வந்து..." வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எந்த க்ளோவிஸ்?"

இனிமேல் பொத்தி என்ன ஆகப்போகிறது. "க்ளோவிஸ் பிராஸ்பர்தான். டூரிஸ்ட்டுங்களுக்குக் கிளி காட்டுவானே. காவலர் பெல்லோவோட தங்கச்சி புருஷன்."

வண்டியில் ஏறியதும் கார்வின் ஸ்டீரிங்கைத் தட்டினான். "முடிஞ்சுது மிஸ். மச்சான் காவல் காக்கற கூட்டுல மச்சானே கை வெச்சுட்டான். கிளி காட்டிக் காட்டிக் கடைசியில கிளியையே காட்டாம ஆக்கிட்டான். நேராப் போய்ப் பிடிக்கறோம், பெல்லோவுக்குப் போன் பண்றோம்."

"பிடிப்போம்" என்றாள் டெல்ஃபின். "போன் மட்டும் இப்ப வேண்டாம்."

*

மலைப்பாதை முடியும் இடத்தில், பயணிகள் இளைப்பாறும் கொட்டகையருகே க்ளோவிஸ் பிராஸ்பர் தனியாக உட்கார்ந்திருந்தான். நெட்டையான, ஒல்லியான மனிதன். கழுத்தில் பைனாகுலர். வண்டியிலிருந்து இறங்குகிறவள் யாரென்று பார்த்தான். அடுத்த கணம் எழுந்து ஓட ஆரம்பித்தான்.

"நில்லுய்யா!" கார்வின் துரத்தினான். க்ளோவிஸ் கிழங்குத் தோட்டத்தைத் தாண்டிக் குதித்தான். கார்வினும் குதித்தான், ஆனால் தாண்டவில்லை. சேற்றில் இடுப்பளவு இறங்கி, யானைக்காது போன்ற இலைகளுக்கு நடுவில் நின்று கத்தினான்: "மிஸ்! ஆளைச் சுத்தி வளைச்சுட்டேன்! எந்தப் பக்கம் போனான்னுதான் தெரியல!"

க்ளோவிஸ் காட்டின் விளிம்பில் நின்றுவிட்டான். மேல்மூச்சு வாங்க, இரண்டு கைகளையும் அசைத்துக் கெஞ்சினான். "கத்தாதீங்க! உங்களுக்குப் புண்ணியமாப் போகும், கத்தாதீங்க! அது பயந்துடும்."

"எது?" என்றாள் டெல்ஃபின், பின்னால் நிதானமாக நடந்து வந்தபடி.

க்ளோவிஸ் அவள் முகத்தையே பார்த்தான். ஏதோ தீர்மானத்துக்கு வந்தவன் போல, "வாங்க. பேசாம வாங்க" என்றான்.

அரை மணி நேரம் ஏறினார்கள். சேறு காய்ந்து கார்வினின் கால்சட்டை விறைத்துக்கொண்டது. அதைப் பற்றி நாலு வேடிக்கை வார்த்தை தோன்றியது, ஆனால் முன்னால் போகிற மனிதனின் முதுகைப் பார்த்து அடக்கிக்கொண்டான். கடைசியில் ஒரு பெரிய மரத்தின் பின்னால் உட்கார வைத்தான் க்ளோவிஸ். எதிர்ச்சரிவில் கொம்மியே மரம் வெள்ளையாக நின்றது. உயரத்தில் கறுப்பாக ஒரு பொந்து. அதற்குப் பக்கத்து மரத்தில், கிளைகளின் நிழலில், பழைய பலகைகளால் அடித்த நீளமான ஒரு பெட்டி கட்டியிருந்தது.

"புயலுக்கு அப்புறம் பொந்துள்ள மரமெல்லாம் சாஞ்சுபோச்சேன்னு நான்தான் செஞ்சு கட்டினேன்" என்று க்ளோவிஸ் கிசுகிசுத்தான். "ஒரு கிளிகூடத் திரும்பிப் பாக்கல. ஞாயித்துக்கிழமை குஞ்சை எடுத்து அதுல வெச்சுட்டேன்."

"வெச்சுட்டா? தாய் தகப்பன் வருமா?" என்றான் கார்வின்.

"தெரியாது. அதுதான் அப்போ பயமா இருந்துச்சு. அன்னைக்கு மத்தியானம் வரைக்கும் ரெண்டும் காலிப் பொந்தைச் சுத்திச் சுத்திப் பறந்துச்சு. உள்ள போகும், வரும், உக்காந்து பாக்கும். பக்கத்துப் பெட்டி கண்ணுல படல. தப்புப் பண்ணிட்டோம், கையால கொன்னுட்டோம்னு நினைச்சேன். திருப்பி வெச்சுடலாம்னு கயிறைக்கூட எடுத்துட்டேன். அப்போ குஞ்சு கத்துச்சு. பசியில கத்துச்சு..."

கையை உயர்த்தி நிறுத்தினான்.

இலைக்கூரைக்கு மேலே கனத்த சிறகடிப்பு. ஒரு பெரிய பறவை வந்து கிளையில் இறங்கியது. ஆர்ப்பாட்டம் இல்லை, கூச்சல் இல்லை. முதுகு காட்டுப் பச்சை. திரும்பியபோது மார்பு முழுக்கக் கத்தரிப்பூ நிறம் வெயிலில் பளபளத்தது. கழுத்தைச் சாய்த்துக் காட்டை ஒரு நோட்டம் விட்டது. பிறகு பக்கவாட்டில் நடந்து நடந்து பெட்டியின் வாயருகே போய், உள்ளே தலையை நுழைத்தது. உள்ளேயிருந்து கரகரவென்று, துருப்பிடித்த கதவைத் திறந்து மூடுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது.

கார்வின் வாயைத் திறந்தான். ஒன்றும் வரவில்லை. அவன் தொழில் வாழ்க்கையில் அது முதல் தடவை.

பறவை போனபிறகுதான் டெல்ஃபின் பேசினாள். "ஏன் இடம் மாத்தினே க்ளோவிஸ்?"

அவன் தரையைப் பார்த்தான். "சொன்னா நம்பமாட்டீங்க."

"நான் ஒண்ணு கேக்கறேன். காவலருங்க கூட்டை எங்கேருந்து பாப்பாங்க?"

"இங்கேருந்துதான். மரத்துக்கிட்டயே போகக்கூடாதுன்னு உத்தரவு. ஏறினா வேலை போயிடும்."

"இங்கேருந்து பாத்தா என்ன தெரியும்?"

"பொந்தோட வாய் தெரியும். குஞ்சு வளர்ந்து எட்டிப் பாத்தா அது தெரியும். வேற ஒண்ணும் தெரியாது."

"உள்ளே மரத்தூள் கிடக்கறது? குஞ்சு படுத்த பள்ளம்? ஓரத்துல பச்சை இறகு?"

"ஏறித் தலையை உள்ள விட்டாத்தான் தெரியும்."

கார்வின் சட்டென்று டெல்ஃபின் பக்கம் திரும்பினான். "மிஸ்! பெல்லோ!" என்றான். "நேத்துக் காலையில ஏறியிருக்காரு! அப்போ அந்த எண்ணெய்..."

"கொம்மியே பாலை சோப்பு எடுக்காது, எண்ணெய்தான் எடுக்கும். விவரம் தெரிஞ்சவன் தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைச்சான். இந்த அப்பாவி சலவைக்குப் போட்டு ஊர்த்துணியெல்லாம் நாறடிச்சான்."

க்ளோவிஸின் கண் நிறைந்துவிட்டது. "ரம் கடைப் பின்கட்டுல அந்தப் படகுக்காரன்கிட்ட மச்சான் பேசிக்கிட்டிருந்ததைக் கேட்டேன் மிஸ். திங்கக்கிழமை எடுத்துத் தர்றேன்னாரு. அவர் காவல், நான் வெறும் கைடு. யார் நம்புவா? என் பொண்டாட்டிக்கு அவர் கூடப்பிறந்த அண்ணன். போலீஸுக்குப் போனா வீடே ரெண்டாயிடும். குஞ்சு கிடைக்கலேன்னா படகு போயிடும், மச்சானும் மனசு மாறிடுவாருன்னு நினைச்சேன்."

"அவர் மனசு மாறல. எங்ககிட்ட வந்துட்டாரு" என்றான் கார்வின் மெதுவாக. காலையில் அந்த ஆளுக்காகத் தான் பாவப்பட்டது ஞாபகம் வந்து காது சூடாயிற்று. "திருட முடியாமப் போனதைக் கண்டுபிடிச்சுக் குடுக்கத் துப்பறியும் ஆபீஸ். நல்ல பேரு வாங்கிட்டோம் மிஸ்."

"இன்னும் பேச்சு அளவுலதான் இருக்கு" என்றாள் டெல்ஃபின். "ஏறினார்னு நிரூபிக்க முடியாது. க்ளோவிஸ், கீழே, பாதை வளையற இடத்துல ஏதாவது பொந்து இருக்கா?"

"ஒரு பட்டமரம் இருக்கு. ஆனா அதுல ஜாக்கோ குடியிருக்கு. பறக்கிற வயசுல ரெண்டு குஞ்சோட."

ஜாக்கோ இந்தத் தீவின் இன்னொரு கிளி. சிறியது, கழுத்தில் சிவப்பு. சிஸ்ஸரூ மாதிரி அடக்க ஒடுக்கமெல்லாம் கிடையாது.

"அருமை" என்றாள் டெல்ஃபின்.

"மிஸ், ஜாக்கோவுக்கு ஏதாவது ஆயிட்டா?"

"அவளுக்கா?" டெல்ஃபின் போனை எடுத்தாள். முதலில் போலீஸ் கார்ப்பரல் ஜோசெட் துரானுக்கு. அப்புறம் பெல்லோவுக்கு. குரலில் தேன் சொட்டியது. "பெல்லோ, நல்ல செய்தி. குஞ்சு பத்திரமா இருக்கு. கீழ் வளைவுல இருக்கிற பட்டமரப் பொந்துல யாரோ ஒளிச்சு வெச்சிருக்காங்க. நாங்க டவுனுக்குத் திரும்பிட்டோம். நீங்க சொன்ன மாதிரியே உங்களுக்குத்தான் முதல்ல சொல்றேன். இலாகாவுக்குச் சொல்லிடுங்க, என்ன?"

வைத்துவிட்டு இருவரையும் பார்த்தாள். "யோக்கியனா இருந்தா பெரிய ஆபீஸருங்களோட வருவான். நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன். இல்லேன்னா கயிறோட வருவான்."

*

கயிறோடுதான் வந்தார். தோளில் கயிறு, இடுப்பில் ஒரு தலையணை உறை, தனியாக. வெயில் சாயத் தொடங்கியிருந்தது. புதருக்குள் டெல்ஃபின், கார்வின், க்ளோவிஸ், குண்டான கார்ப்பரல் ஜோசெட் நால்வரும் குனிந்திருந்தார்கள். க்ளோவிஸ் கண்ணை மூடிக்கொண்டான். வராமல் இருந்திருக்கலாமே என்று அவன் உதடு முணுமுணுத்தது.

பெல்லோ ஏறினார். பழகிய கால்கள், சத்தமே இல்லை. பொந்துக்குப் பக்கத்தில் போய், தலையணை உறையைப் பல்லில் கடித்துக்கொண்டு, வலது கையை உள்ளே விட்டார்.

மலை அலறியது. முதலில் பெல்லோ, அப்புறம் பொந்துக்குள்ளிருந்த தாய் ஜாக்கோ, அப்புறம் அதன் புருஷன், அப்புறம் சுற்றுவட்டார ஜாக்கோ சமூகம் மொத்தமும். சந்தையில் நான்கு மீன்காரிகள் ஒரே கூடைக்குச் சண்டை போட்டால் எப்படியிருக்குமோ அப்படி. பெல்லோவின் கட்டைவிரலைப் பிடித்த அலகு விடுவதாக இல்லை.

"காவலரே!" கார்வின் புதரிலிருந்து எழுந்தான். "தப்பான கதவைத் தட்டிட்டீங்க! வீட்டுக்காரம்மா கோவமா இருக்காங்க, இறங்கி வாங்க!"

இறங்கினார். பாதி தூரம் இறங்கினார், மீதி விழுந்தார். கார்ப்பரல் ஜோசெட் தலையணை உறையைக் கையிலெடுத்துப் பார்த்தாள். மூச்சுவிட வசதியாக மூலைகளில் ஓட்டை போட்டிருந்தது. ஓட்டைகளின் ஓரத்தைக் கிழியாமல் யாரோ பொறுமையாகத் தைத்திருந்தார்கள்.

"படகுக்காரன் எங்க?" என்றாள்.

பெல்லோ மறைக்க முயலவில்லை. வடக்கே பாறைகளுக்குப் பின்னால் சின்னத் தோணியில் காத்திருப்பதாகச் சொன்னார். ஜோசெட் வயர்லெஸ்ஸில் பேசினாள். சிறிது நேரத்தில் பதில் வந்தது. ஆள் கூண்டோடு சிக்கிவிட்டான். மீன் பிடிக்க வந்தவன் எதற்குக் கிளிக்கூண்டு வைத்திருந்தான் என்ற கேள்விக்கு அவனுக்கு இங்கிலீஷே மறந்துவிட்டதாம்.

மரத்தின் வேரில் பெல்லோ உட்கார்ந்திருந்தார். விரலிலிருந்து ரத்தம் சொட்டியது. எதிரில் க்ளோவிஸ் நின்றான்.

"உங்க தங்கச்சி மரியெல்கிட்ட நான் என்ன மச்சான் சொல்லுவேன்?"

"படகுக்காரன் கூரை போட்டுத் தர்றேன்னான்" என்றார் பெல்லோ, தலை நிமிராமல். "புயல் போய் எத்தனை மழைக்காலம் ஆச்சு. இன்னும் நீலப் பிளாஸ்டிக் சீட்டுக்குக் கீழதான் கிடக்கோம். மழை வந்தா பிள்ளைங்க கட்டிலுக்கு அடியில போய்ப் படுத்துக்குதுங்க."

"என் கூரையும்தான் போச்சு."

டெல்ஃபின் தன் கைக்குட்டையை எடுத்து நீட்டினாள். பெல்லோ அதை விரலில் சுற்றிக்கொண்டார்.

ஜோசெட் அவர் தோளைத் தொட்டு எழுப்பினாள். பாதையில் பத்தடி போனவர் நின்றார். திரும்பவில்லை. முதுகைக் காட்டியபடியே கேட்டார்.

"குஞ்சு தின்னுதா?"

க்ளோவிஸ் அண்ணாந்து பார்த்தான். மேலே ஜாக்கோக்கள் ஒவ்வொன்றாக அடங்கிக்கொண்டிருந்தன.

"தின்னுது" என்றான் கடைசியில். "மத்தியானம் அப்பன் வந்து குடுத்துட்டுப் போனான்."

பெல்லோ தலையை ஆட்டினார். பிறகு யாரும் பிடித்து இழுக்காமல், தானாகவே நடந்து போய் ஜீப்பின் பின்புறம் ஏறி உட்கார்ந்தார்.